மீன்வண்டி அண்ணன்களைப் படமெடுக்கலாமா?

கேள்வி: குளச்சலிலிருந்தும் தேங்காப்பட்டணத்திலிருந்தும் மொபெட்டில் ஐஸ்பெட்டி கட்டி, ஹாரன் அடித்துக்கொண்டே எங்கள் ஊருக்கு மீன் கொண்டுவருகிறவர்களைப் புகைப்படத் தொடராக எடுக்க ஆசை. நண்பர்களோ, ‘புல்லட்காரர்களை எடுத்தாலாவது லைக் விழும்’ என்று சிரிக்கிறார்கள். எப்படித் தொடங்குவது?
- ஒரு வாசகர், கருங்கல்

பதில்: சிரிக்கட்டும், விடுங்கள். புல்லட்டைப் படமெடுக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். 1980-ல் டிவிஎஸ் 50 வந்ததிலிருந்து சின்ன வியாபாரிகளின் பாரத்தையெல்லாம் சுமக்கிற மொபெட்டை யார் நின்று பார்த்தார்கள்?

முதல் ஒரு வாரம் கேமராவை வீட்டிலேயே வைத்துவிட்டு, விடியுமுன் துறைமுகத்துக்குப் போய் டீ குடியுங்கள், ஏலம் பாருங்கள், சாளை என்ன விலைக்குப் போகிறது என்று கேளுங்கள் (எனக்கும் ஒரு கிலோ வாங்கினால் மறுக்கமாட்டேன்). 1960-களில் அமெரிக்காவில் டேனி லயன் என்ற புகைப்படக்காரர் மோட்டார் சைக்கிள் கூட்டம் ஒன்றைப் படமெடுத்தபோது வெளியே நின்று எடுக்கவில்லை. அவர்கள் கிளப்பிலேயே உறுப்பினராகி, கூடவே பைக் ஓட்டி, அவர்கள் பேச்சை டேப்பிலும் பதிந்தார். நீங்களும் ஒருவர் பின்னாலேயே வண்டியில் ஒரு நாள் முழுக்கப் போய்ப் பாருங்கள்.

ஓடும் வண்டிக்கு ஷட்டர் வேகத்தை 1/30 நொடிக்கு இறக்கி, வண்டியோடு சேர்த்துக் கேமராவைத் திருப்பினால் ஆள் தெளிவாகவும் பின்னாலுள்ள ரப்பர் தோட்டம் வெறும் கோடுகளாகவும் விழும். பத்தில் ஒன்பது வீணாகும், பரவாயில்லை. பெட்டியைக் கட்டியிருக்கும் டியூப் ரப்பர், தராசு, செதில் ஒட்டிய கை, எல்லாவற்றையும் கிட்டப் போய் எடுங்கள். அப்புறம், “அண்ணே, எடுக்கட்டுமா?” என்று கேட்காமல் முகத்தை எடுக்காதீர்கள், எடுத்ததைப் பிரிண்ட் போட்டுக் கொடுங்கள். அக்காமாரிடம் கடன் பாக்கி கேட்கும் காட்சி மட்டும் வேண்டாம், சண்டை வரும்.