அப்பாவின் .22-ஐக் கொடுத்து பழைய டபுள் பேரல் வாங்கலாமா?

வணக்கம். அப்பா விட்டுப்போன .22 ரைபிளைக் கொடுத்துட்டு, குன்னூர்க்காரர் ஒருவரின் பழைய பர்மிங்ஹாம் 12 போர் டபுள் பேரல் (இரட்டைக் குழல்) துப்பாக்கியை வாங்கலாமான்னு கேட்டிருக்கீங்க. பேரலைச் சோதிக்காம வாக்குக் கொடுத்துடாதீங்க.

பேரலைக் கழற்றி, அடித்தட்டையில் (பின்முனையின் அடியில் தட்டையா இருக்கும் பகுதி) உள்ள முத்திரைகளைப் பாருங்க. ‘நைட்ரோ புரூஃப்’ (இன்றைய புகையில்லா மருந்துக்குச் சோதிச்ச அடையாளம்) இல்லைன்னா அது பழைய கரிமருந்துக்கு மட்டும் சோதிச்சது. இன்றைய தோட்டா போடவே கூடாது. அடுத்து, தோட்டா உட்காரும் அறையின் நீளம். பழைய பிரிட்டிஷ் துப்பாக்கிகளில் பெரும்பாலும் 65 மி.மீ. தான். 70 மி.மீ. தோட்டாவும் சிக்காம உள்ளே போயிடும், ஆபத்தே அதுதான்: 70 என்பது வெடிச்சு வாய் விரிஞ்ச பிறகு உள்ள நீளம். விரிய இடமில்லாம அழுத்தம் எகிறும்.

பேரலைத் தொங்கவிட்டு விரல்கணுவால் தட்டுங்க. மணி மாதிரி இழுத்து ஒலிக்கணும். ‘டொக்’னு அடங்கினா இரண்டு குழலையும் இணைக்கும் நடுப்பட்டையின் பற்றவைப்பு விட்டிருக்கலாம், நம்ம மலை ஈரத்துக்கு அந்த இடுக்குலதான் துரு உட்காரும்.

கைமாற்றும் முன் கலெக்டருக்கோ காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவிச்சு 45 நாள் கழியணும். ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தப்படி ஒருவர் 2 துப்பாக்கி வெச்சுக்கலாம். உங்ககிட்ட அந்த .22 ஒன்றுதான்னா, இரண்டாவதுக்கு விண்ணப்பிச்சுப் பாருங்க. அப்பாவோடது வீட்டிலேயே இருக்கட்டும்.