ஹெச்எஸ்ஏ பணத்தைத் தொடாமல் கார்டில் கடன் ஏற்றலாமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறோம். ஆபீஸில் டிடக்டிபிள் (இன்சூரன்ஸ் பணம் தருமுன் நாமே கட்டவேண்டிய தொகை) அதிகமான மருத்துவ இன்சூரன்ஸ் பிளான், குடும்பத்துக்கு 5,000 டாலர். ஹெச்எஸ்ஏ-வில் (மருத்துவச் செலவுக்கான வரிச்சலுகைச் சேமிப்புக் கணக்கு) 9,400 சேர்ந்து, எல்லாம் பங்குச்சந்தை இண்டெக்ஸ் ஃபண்டில் இருக்கிறது. ரிட்டயர் ஆகும்வரை அதில் கை வைக்காதே என்று மச்சான் சொன்னதால், பையன் கையை உடைத்துக்கொண்டது முதல் இரண்டு வருஷ ஆஸ்பத்திரி பில்லையும் கிரெடிட் கார்டில் போட்டோம். 6,200 பாக்கி, வட்டி 24%. மனைவிக்குச் சர்க்கரை உண்டு. செலவைப் பார்த்து ஏ1சி டெஸ்டை (சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) தள்ளிப்போட்டு வருகிறார். ஹெச்எஸ்ஏ-வில் மாதம் 300 கட்டுகிறேன், இன்னும் கூட்டலாமா?

பதில்: கூட்டுவது இருக்கட்டும், முதலில் அந்தக் கார்டு பாக்கியை அடையுங்கள். 6,200-க்கு 24% என்றால் வருஷத்துக்குச் சுமார் 1,490 டாலர் வட்டி. அதே தொகை ஃபண்டில் 8% வளர்ந்தாலும் 500-தான் வரும், அதுவும் நிச்சயமில்லை. ஆக, மருத்துவத்துக்கென்றே பணத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, அதைத் தொடாமல் இருப்பதற்காக வருஷம் ஆயிரம் டாலர் நஷ்டப்படுகிறீர்கள்.

மருத்துவ ரசீதைச் சேர்த்துவைத்து, இருபது வருஷம் கழித்து அந்தத் தொகையை ஹெச்எஸ்ஏ-விலிருந்து வரியில்லாமல் எடுக்கும் வழி இப்போது எல்லோர் வாயிலும் அடிபடுகிறது. அது, பில்லைச் சேமிப்பிலிருந்து ரொக்கமாகக் கட்ட முடிகிறவர்களுக்கு. மூன்று வரிச்சலுகை (போடும்போதும், வளரும்போதும், மருத்துவத்துக்கு எடுக்கும்போதும் வரியில்லை) என்கிறார்களே, உங்கள் மாநிலம் ஹெச்எஸ்ஏ-வை ஏற்பதே இல்லை. போடும் பணத்துக்கும் மாநில வரி உண்டு, அதில் வரும் லாபத்துக்கும் உண்டு. மச்சான் இதைச் சொன்னாரா?

கணக்கு திறந்த பிறகு வந்த மருத்துவச் செலவு என்றால் இன்றைக்கே 6,200-ஐ எடுத்துக் கார்டை அடைக்கலாம், அபராதம் கிடையாது. ரசீதுகளை மட்டும் பத்திரமாக வையுங்கள். மீதி 3,200-ஐ ஃபண்டிலிருந்து ரொக்கத்துக்கு மாற்றுங்கள். இப்போது கட்டும் 300-ஐயே தொடர்ந்தால் ஆறு மாதத்தில் 5,000 ஆகிவிடும். டிடக்டிபிள் அளவுக்கு ரொக்கம் சேரும்வரை முதலீட்டுப் பேச்சே வேண்டாம்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை ஏ1சி. சொந்தக் காசு போனால் விலை பார்த்து, தேவையானதை மட்டும் வாங்குவோம் என்று நம்பித்தான் இந்த மாதிரி பிளான்களைக் கொண்டுவந்தார்கள். 2003 சட்டத்தில் பிறந்ததுதான் ஹெச்எஸ்ஏ. ஆனால் 1970-களிலேயே ராண்ட் என்ற அமெரிக்க ஆராய்ச்சி நிறுவனம் பெரிய சோதனை நடத்திப் பார்த்துவிட்டது: கைக்காசு போகும்போது மக்கள் தேவையில்லாத வைத்தியத்தோடு தேவையானதையும் சேர்த்தே குறைத்துக்கொள்கிறார்கள். உங்கள் வீட்டில் நடப்பதும் அதுதான். நெஞ்சு வலியோடு எமர்ஜென்சியில் நிற்கும்போது யாரும் விலை விசாரிப்பதில்லை, ஆனால் ஏ1சி மாதிரி சின்ன டெஸ்டைத் தள்ளிப்போடுவது ரொம்பச் சுலபம், அதனால்தான் சொல்கிறேன்.

2019-ல் அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ் ஓர் அனுமதி கொடுத்தது. சர்க்கரைக்காரர்களுக்கு ஏ1சி, இன்சுலின், கண் பரிசோதனை போன்றவற்றை டிடக்டிபிள் முடியும் முன்பே பிளான் ஏற்கலாம். கட்டாயமில்லை, பிளானுக்குப் பிளான் மாறும். இன்சூரன்ஸ் கார்டின் பின்னால் இருக்கும் எண்ணுக்குப் போன் போட்டு உங்கள் பிளானில் உண்டா என்று கேளுங்கள். இல்லை என்றாலும் ஹெச்எஸ்ஏ-விலிருந்து கட்டி, இந்த மாதமே டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், அடுத்த ஓபன் என்ரோல்மென்ட்டில் (வருஷத்துக்கு ஒருமுறை பிளானை மாற்றிக்கொள்ளும் காலம்) டிடக்டிபிள் குறைந்த பிளானின் விலையையும் பாருங்கள். வருஷா வருஷம் செலவு நிச்சயம் என்றிருக்கும் வீட்டுக்கு, பிரீமியத்தில் கூடுதலாகப் போவது டிடக்டிபிளில் மிச்சமாவதைவிடக் குறைவு என்றால் யோசிக்காமல் மாறிவிடுங்கள்.