உதவித்தொகைக்காக ஒவ்வொரு ஜூனிலும் நகையை அடகு வைக்கிறேன்

கேள்வி: அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். வயது 64. கணவர் இல்லை, மகன் தனிக்குடும்பம். ஓய்வூதியம் மாதம் 38,000 ரூபாய், செலவு 33,000 வரை. வங்கியில் 22 லட்சம் நான்கு வைப்புகளாக இருக்கிறது. 7 சதவீத வட்டி. அது அசலோடு சேர்கிறது, நான் தொடுவதில்லை. படித்த மகளிர் கல்லூரிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று ஆண்டுதோறும் நான்கு மாணவியருக்குத் தலா 15,000 தருகிறேன். ஜூனில் மொத்தமாகத் தேவைப்படுவதால் 12 பவுனை வங்கியில் வைத்தேன். 10 சதவீத வட்டி. ஐந்து ஜூன் ஆகியும் மீட்க முடியாமல் மாற்றி மாற்றி வைக்கிறேன். இப்போது கடன் 3,66,000. இதற்கிடையில் முன்னாள் மாணவியர் சங்கம், 10 லட்சம் தந்தால் பெற்றோர் பெயரில் அறக்கட்டளை வைக்கலாம், வரிவிலக்கும் உண்டு என்கிறது. வங்கி அதிகாரியோ 12 லட்சத்தை மியூச்சுவல் ஃபண்டில் போட்டு மாதம் 12,000 எடுக்கச் சொல்கிறார். எதைச் செய்வது?

– ஓய்வுபெற்ற ஆசிரியை, திருநெல்வேலி மாவட்டம்

பதில்: அறக்கட்டளையும் ஃபண்டும் அப்புறம். முதலில் அந்த 12 பவுன்.

ஐந்து அடகு ரசீதுகளையும் தேதி வரிசையில் வைத்துப் பாருங்கள் அம்மா. முதல் ஜூனில் 60,000. அடுத்த ஆண்டு அது வட்டியோடு 66,000; மேலே இன்னொரு 60,000 வாங்கியதும் 1,26,000. பிறகு 1,98,600. அதன்பின் 2,78,000. இப்போது 3,66,000. நீங்கள் மாணவியருக்குக் கொடுத்தது 3 லட்சம், மீதி 66,000 வெறும் வட்டி. இப்படியே விட்டால் வரும் ஓராண்டுக்கு மட்டும் வட்டி 36,600. இரண்டு பிள்ளைகளுக்கான உதவித்தொகையை விட அதிகம்.

இது உங்கள் கண்ணில் படாமல் போனதற்குக் காரணம் தங்கத்தின் விலை. பவுன் விலை ஏறியதால் அதே நகைக்கு வங்கி ஒவ்வோர் ஆண்டும் கூடுதலாகக் கடன் தந்தது. பழைய கடனும் வட்டியும் அதிலேயே கழிந்து, கையில் 60,000 மிஞ்சியது. உங்கள் பர்ஸிலிருந்து ஒரு ரூபாய் போகவில்லை, அதனால் கடன் வளர்வதும் உறைக்கவில்லை. கடன் இப்படியே வளர்ந்து, விலையும் பெரிதாக இறங்கினால் வங்கி வித்தியாசத்தைக் கட்டச் சொல்லும். கட்ட முடியாதவர்களின் நகைதான் ஏலத்துக்குப் போய் மூழ்குகிறது.

இத்தனைக்கும் பணம் உங்களிடமே இருந்தது. 22 லட்சத்துக்கு 7 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 1,54,000. 7 சதவீதத்துக்குப் போட்டுவைத்துவிட்டு 10 சதவீதத்துக்கு வாங்குவதில், இப்போதைய கடனுக்கே ஆண்டுக்கு 11,000 நஷ்டம். வைப்பைத் தொட்டால் முதுமைக்கு ஆபத்து என்று நினைத்தீர்கள். அந்தப் பயம் நியாயமானதுதான், ஆனால் அதே முதுமைக்கான நகை அல்லவா அடகில் இருக்கிறது?

ஆகவே இந்த வாரமே மீட்டுவிடுங்கள். நான்கு வைப்புகளில் கடைசியாகப் போட்டதை முதலில் உடையுங்கள். முன்கூட்டி எடுப்பதால் இழக்கும் வட்டி அதில்தான் குறைவு. நாள் கணக்கு வட்டியோடு 3,70,000 வரை ஆகலாம். கவுன்டரை விட்டு நகரும் முன் ஒவ்வொரு நகையையும் ரசீதில் உள்ள எண்ணிக்கை, எடையோடு ஒத்துப் பாருங்கள். கடன் முடிந்ததற்கான சீட்டையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

மீதி 18,30,000. இதில் 6 லட்சத்தை மருத்துவச் செலவுக்கென்று வைப்பிலேயே விடுங்கள். அதைக் கல்லூரிக்காகவும் தொடாதீர்கள், மகனுக்காகவும் தொடாதீர்கள். 12 லட்சத்தை அஞ்சலகத்திலோ வங்கியிலோ மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடுங்கள். ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். 8.2 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 98,400. காலாண்டுக்கு 24,600 வீதம் ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரியில் கணக்குக்கு வரும். கணக்கு தொடங்கும் நாளில் உள்ள வட்டி ஐந்தாண்டுக்கு மாறாது. வட்டி வந்து விழத் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்குங்கள். மளிகையும் மின்கட்டணமும் அதில் கலக்கக் கூடாது. உங்களை நகையை அடகு வைக்கச் செய்தது ஜூன் மாதத்து மொத்தத் தேவை. ஏப்ரல் வட்டி வந்ததும் அந்தப் பணம் இந்தக் கணக்கில் காத்திருக்கும்.

சங்கம் காட்டும் வரிவிலக்கு உங்களுக்குப் பயன்படாது. ஓய்வூதியம் 4,56,000, இந்த வட்டி 98,400, மருத்துவ வைப்பின் வட்டி 42,000, எல்லாம் சேர்ந்தும் ஆறு லட்சத்தைத் தாண்டவில்லை. புதிய வரிமுறையில் நன்கொடைக்கான வரிக்கழிவே (80ஜி) கிடையாது. இந்த வருமானத்துக்கு வரியும் வராது. இல்லாத வரியை எப்படி மிச்சப்படுத்துவது? தவிர, 10 லட்சத்தைக் கொடுத்துவிட்டால் நாளை உங்களுக்கே ஆபரேஷன் என்றாலும் திரும்பி வராது. சேமிப்புத் திட்டத்தில் இருந்தால், இரண்டாண்டு கழிந்தபின் அசலில் 1 சதவீதம் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்துவிடுவார்கள்.

வங்கி அதிகாரி சொல்வது வட்டி அல்ல, உங்கள் பணத்தையே தவணையாகத் திருப்பித் தருவது. 12 லட்சத்தில் மாதம் 12,000 என்றால் ஆண்டுக்கு 12 சதவீதம். முதல் ஆண்டிலேயே சந்தை 20 சதவீதம் இறங்கினால் 9,60,000. நீங்கள் எடுத்த 1,44,000 போக 8,16,000. அதற்கப்புறமும் அதே 12,000 எடுத்தால் மிச்சத்தில் ஆண்டுக்கு 17 சதவீதத்துக்கு மேல் கரையும். மூன்றாண்டு படிப்புக்கு வாக்குக் கொடுத்தவருக்கு இந்த விளையாட்டு ஒத்துவராது. இப்படி ஃபண்டிலிருந்து மாதாமாதம் எடுப்பதற்கு வைத்த எஸ்.டபிள்யூ.பி என்ற பெயரை இப்போது எல்லோரும் சொல்கிறார்கள் என்பதற்காக நீங்களும் போக வேண்டாம்.

வாக்கு என்றதும் இன்னொன்று. 'ஆண்டுக்கு நால்வர்' என்றால் மொத்தமே நால்வரா, ஆண்டுதோறும் புதிதாக நால்வரா? சங்கம் இரண்டாவதாகப் புரிந்துகொண்டால் மூன்றாம் ஆண்டில் 12 பேர், 1,80,000 ரூபாய். முதலாண்டு மட்டும் கொடுத்துவிட்டு நிறுத்தினாலோ அந்தப் பெண் இரண்டாம் ஆண்டுக் கட்டணத்துக்கு அல்லாடுவாள். கொடுக்காமலே இருந்திருக்கலாம் என்று ஆகிவிடும். ஆண்டுக்குப் புதிதாக இரண்டே பேர், படிப்பு முடியும் வரை. மூன்று ஆண்டுகளிலும் சேர்த்து ஆறு பேருக்கு மேல் போகாது, அதற்கு 90,000. உங்கள் 98,400 தாங்கும். இப்போது படிக்கும் நால்வரும் இந்த ஆறுக்குள் அடக்கம். யாரையும் நடுவில் விட்டுவிடாதீர்கள்.

தேர்விலும் கொஞ்சம் கவனம். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 வருகிறது. அது விடுதிச் சாப்பாட்டுக்கும் தேர்வுக் கட்டணத்துக்கும் போதாது, உங்கள் பணம் அங்கே போகட்டும். அரியர் இருந்தால் உதவித்தொகை இல்லை என்று விதி வைக்காதீர்கள். வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கும் பெண்தான் முதல் செமஸ்டரில் அரியர் வைப்பாள். வருகைப்பதிவு ஒழுங்காக இருந்தால் போதும். பணத்தைக் கல்லூரிக் கணக்குக்கு மாணவியின் பதிவு எண்ணோடு அனுப்பி ரசீது கேளுங்கள். தனியார் கையில் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள்.

பெற்றோர் பெயர் நிலைக்க வேண்டும் என்ற ஆசைக்கு உயில் இருக்கிறது. உங்கள் காலத்துக்குப் பின் இந்த 12 லட்சத்தில் எவ்வளவு கல்லூரிக்கு, எந்தப் பெயரில் என்று எழுதி, உயிலால் பயன்பெறாத இருவரைச் சாட்சியாக வையுங்கள். நாமினி பெயர் போட்டால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். நாமினி பணத்தை வாங்கி வைப்பவர்தான், உரிமையாளர் அல்ல. மகனிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

சங்கத்துக்கு நான்கு வரி எழுதினால் போதும்: 'மொத்தமாக 10 லட்சம் தர இயலாது. ஆண்டுக்கு இரண்டு புதிய மாணவியருக்குத் தலா 15,000, படிப்பு முடியும் வரை தருகிறேன். ஜூன் முதல் வாரத்தில் கல்லூரிக் கணக்குக்குப் பணம் வரும். பெயர்ப் பட்டியலை மே மாதத்துக்குள் அனுப்புங்கள்.'