வருமானமும் குறைவு, நேரமும் குறைவு: சத்தான உணவுக்கு எங்கிருந்து தொடங்குவது?

வாசகர் கேள்வி: நானும் கணவரும் ஷிப்டு வேலைக்குச் செல்கிறோம். பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் இருவர். மாதத்தின் மூன்றாம் வாரத்திலேயே கையிருப்பு தீர்ந்துவிடுகிறது. களைத்துத் திரும்பும் நாட்களில் கடைப் பொட்டலங்களே இரவு உணவாகிவிடுகின்றன. செலவைக் கூட்டாமல் சத்தாகச் சாப்பிட வழி உண்டா?

பதில்: வருமானம் குறையக் குறைய அதில் உணவுக்குப் போகும் பங்கு கூடுகிறது என்பதை ஜெர்மானியப் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கல் 1857-லேயே குடும்பங்களின் வரவுசெலவைக் கொண்டு எடுத்துக்காட்டினார். ஆகவே பணம் பற்றாமல் போவதை உங்கள் சிக்கனக் குறைவு என்று எண்ண வேண்டாம். உங்கள் கேள்வியைப் படிக்கையில், பணத்தைவிட நேரமே பெரிய தடையாக எனக்குத் தெரிகிறது. களைத்துப்போன மாலையில் என்ன சாப்பிடுவது என்று யோசிக்கும்போதுதான் செலவு கைமீறுகிறது. அந்த யோசனையை ஓய்வுநாளுக்கு மாற்றிக்கொள்வதே முதல் வேலை.

அதற்கு ஏற்ற பொருள் உலர்ந்த பருப்பு, பயறு வகைகள். அவற்றின் எடையில் ஏறத்தாழ 20 முதல் 25 விழுக்காடு புரதம், வேகவைத்தால் எடை இரு மடங்குக்கு மேல் பெருகும், மாதக்கணக்கில் கெடாது. 60 கிலோ எடையுள்ள பெரியவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 கிராம் புரதம் போதும் என்பதால், வேகவைக்காத 100 கிராம் உலர்ந்த பயறு அதில் பாதியளவைத் தந்துவிடும். மீதி தானியம், முட்டை, பால் ஆகியவற்றிலிருந்து கிடைக்கும். ஓய்வுநாளில் மொத்தமாக வேகவைத்து, சிறு பாத்திரங்களில் பிரித்து, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள்; மூன்று நாளைக்குள் தீராத பங்கை உறைபெட்டியில் வைப்பது நல்லது. அவ்வப்போது வேண்டியதை மட்டும் எடுத்து, ஆவி பறக்கச் சூடாக்கிப் பரிமாறுங்கள். குளிர்பதனப் பெட்டி இல்லாத வீட்டில் இப்படிச் சேமிக்கக் கூடாது. அங்கே முதல்நாள் இரவே பயறை ஊறவைத்துக்கொண்டால் சமையல் நேரமும் எரிபொருளும் குறையும்.

நாளொன்றுக்குப் பெரியவர் ஒருவருக்குக் குறைந்தது 400 கிராம் காய்கறியும் பழமும் வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. குறைந்த வருமானத்தில் இது எளிதன்று. பருவத்தில் மலிந்து கிடைப்பதை வாங்குவதும், உறைந்த காய்கறிகளைத் தாழ்வாக எண்ணாமல் பயன்படுத்துவதும் உதவும். பறித்த சில மணி நேரத்திலேயே உறைய வைக்கப்படுவதால் அவற்றின் சத்து பெரும்பாலும் காக்கப்படுகிறது. பயறோடு வைட்டமின் சி நிறைந்த காயோ பழமோ சேர்த்தால் இரும்புச்சத்து கூடுதலாக உடலில் சேரும். உணவோடு தேநீர் அருந்தினால் அது குறையும்.

விலையை ஒப்பிடும்போது பொட்டலத்தின் விலையைப் பாராமல் கிலோவுக்கு என்ன விலை என்று பாருங்கள். சிறு பொட்டலம் கைக்கு மலிவு, கணக்கில் விலை அதிகம். மொத்தமாக வாங்க ஒரே நேரத்தில் பணம் இல்லாதவர்கள்தான் சிறு பொட்டலத்துக்குக் கூடுதல் விலை கொடுக்க நேர்கிறது என்பது இதிலுள்ள அநியாயம்; அண்டை வீட்டார் இருவர் மூவர் சேர்ந்து மூட்டையாக வாங்கிப் பிரித்துக்கொண்டால் ஓரளவு தப்பலாம். பிள்ளைகளுக்கான ‘சத்து பானம்’ என்று விற்கப்படுபவற்றில் எவ்வளவு சர்க்கரை உள்ளது என்பதை உறையில் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். பலவற்றை நிறுத்தி, அந்தப் பணத்தில் முட்டை வாங்கலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. கையிருப்பு தீரும் வாரத்தில் தாய் தன் பங்கைக் குறைத்துக்கொள்வது பல வீடுகளில் நடக்கிறது. மாதவிடாயால் இரும்புச்சத்தை இழக்கும் வயதில் அது இரத்தசோகைக்கு இட்டுச்செல்லும். குறைக்கத்தான் வேண்டுமென்றால் எல்லோரும் பகிர்ந்து குறைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளியில் இலவச அல்லது சலுகை உணவு, பணியிடத்தில் மானிய உணவகம், அரசின் உணவு உதவி ஆகியவை உங்கள் பகுதியில் இருந்தால் தயங்காமல் விண்ணப்பியுங்கள். வருமான வரம்பைத் தாண்டியதாக முன்பு மறுத்திருந்தாலும், வேலை நேரம் குறைந்த மாதத்தின் சம்பளச் சீட்டுடன் மீண்டும் கேட்டுப் பாருங்கள்.