கடல் உயிரிகளிலிருந்து உண்மையிலேயே மருந்து வந்திருக்கிறதா, இல்லை எல்லாம் ஆய்வுக் கட்டுரையோடு சரியா?

வந்திருக்கிறது. "இத்தனை வருஷம் கடற்பஞ்சை ஊறவைத்து என்ன கண்டாய்?" என்று என்னிடம் நேரிலேயே கேட்டிருக்கிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன். நீங்கள் இதில் ஆராய்ச்சிக்குச் சேரலாமா என்று யோசிப்பவராகத்தான் இருக்க வேண்டும்.

ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் கொடுக்கும் சைட்டராபின், 1950களின் தொடக்கத்தில் கரீபியக் கடற்பஞ்சு (கடலடியில் ஒட்டி வாழும் விலங்கு) ஒன்றில் வேதியியலாளர் பெர்க்மான் கண்டெடுத்த நியூக்ளியோசைடுகளை, அதாவது டிஎன்ஏவின் கட்டுமானத் துண்டுகளைப் போன்ற பொருள்களைப் பார்த்து உருவானது. (அது அப்படியே பஞ்சில் இருந்ததில்லை, ஆய்வகத்தில் செய்ததுதான். தெரிந்தேதான் சொல்கிறேன், திருத்த வராதீர்கள்.) கூம்பு நத்தை என்ற கடல் நத்தையின் நஞ்சிலிருந்த பெப்டைடு (குட்டிப் புரதம்), ஜிகோனோடைடு என்ற வலி மருந்தாக 2004இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

சிக்கல் அளவில்தான். ஜப்பானில் 600 கிலோ பஞ்சை அரைத்துக் கிடைத்த, புற்றுச் செல்களைக் கொல்லும் ஹாலிகாண்ட்ரின் பி என்ற பொருள் வெறும் 12.5 மில்லிகிராம். அந்த மூலக்கூறின் ஒரு பகுதியை மட்டும் வேதிமுறையில் கட்டியெழுப்பிய பிறகே, 2010இல் எரிபுலின் மார்பகப் புற்றுநோய் மருந்தானது.

நான் எடுத்தது 4 கிலோ பஞ்சு. மெத்தனாலில் ஊறவைத்து, ரோட்டாவேப்பில் (கரைப்பானை ஆவியாக்கும் சுழல் கருவி) வற்றவைத்தால் குடுவையின் அடியில் பழுப்புப் பிசின். கை கழுவினாலும் போகாத அயோடின் வாடை. எட்டு மாதம், சிலிக்காத் தூள் நிரப்பிய குழாயில் ஊற்றிப் பிரித்துப் பிரித்து, கடைசியில் 3 மில்லிகிராம் வெள்ளைத் தூள். புற்றுச் செல்களை நன்றாகவே கொன்றது. அன்றிரவு தூக்கம் வரவில்லை. மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்எம்ஆர் சோதனை முடிவு வந்ததும் தெரிந்தது: ஏற்கெனவே வேறு பஞ்சிலிருந்து எடுத்து, அமைப்பும் வெளியிட்டுவிட்ட பொருள். பஞ்சுக்குள் வாழும் பாக்டீரியா பல சமயம் இப்படிப்பட்ட பொருள்களைச் செய்கிறது என்பதால், வேறு வேறு பஞ்சுகளில் ஒரே பொருள் கிடைப்பது அதிசயமில்லை.

அதையாவது ஒரு சிறு கட்டுரையாக்கினோம். அதில் என் பெயர் ஐந்தாவது. குடுவையைத் தொட்டே பார்க்காதவர் பெயர் முதலில். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் இன்னும் ஆறவில்லை.

சேர்வதென்றால் ஒன்று செய்யுங்கள். சாறு எடுத்த முதல் வாரமே நிறை நிறமாலை (மூலக்கூறுகளின் எடையைக் காட்டும் சோதனை) எடுத்து, தெரிந்த பொருள்களின் தரவுத்தளத்தோடு ஒப்பிடுங்கள். அப்புறம் சிலிக்காவைத் தொடுங்கள். யார் பெயர் எங்கே வரும் என்பதையும் அதே வாரத்தில் கேட்டு, மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.