நாய் லேசாகக் கீறினாலும் குழந்தைக்கு ஊசி போட வேண்டுமா?

குன்னூரில் இருக்கிறோம், 7 வயது மகளைத் தெருநாய் நகத்தால் கீறிவிட்டது, ரத்தம் வரவில்லை, ஊசி தேவையா என்று கேட்டிருக்கிறீர்கள். தேவை, இன்றைக்கே. ரத்தம் வராத கீறலுக்கும் ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) தடுப்பூசி உண்டு; ரத்தம் வந்திருந்தால் காயத்திலேயே இம்யூனோகுளோபுலினும் (உடனே பாதுகாப்பு தரும் எதிர்ப்புப்பொருள் ஊசி) போடுவார்கள். அறிகுறி தெரிந்தபின் ரேபிஸிலிருந்து பிழைப்பது அரிதிலும் அரிது.

கிளம்பும் முன் குழாயைத் திறந்துவிட்டு, சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். நம் ஊர்த் தண்ணீரில் கை மரத்துப்போகும், பிள்ளை இழுத்துக்கொள்வாள். விடாதீர்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். ரேபிஸ் சிகிச்சைக்கென்றே தொடங்கிய பாஸ்டர் இன்ஸ்டிடியூட் 1907 முதல் இருக்கும் ஊரில் இன்னும் மிளகாய்த்தூள் வைப்பவர்களைப் பார்த்தால் மனசு பதறுகிறது. அரசு மருத்துவமனையில் ஊசி இலவசம். ஒரு தவணையும் விடக்கூடாது.

அப்புறம், அவளைத் திட்டாதீர்கள். திட்டு விழும் என்று பயந்துதான் பிள்ளைகள் கடியை மறைக்கிறார்கள். “கடிச்சாலும் கீறினாலும் உடனே வந்து சொல்லு, அம்மா கோபப்பட மாட்டேன்” என்று பலமுறை சொல்லி வையுங்கள். நாய் நெருங்கினால் ஓடாமல் மரம்போல் நிற்கவும், குட்டி போட்ட நாயிடம் போகாமலிருக்கவும் பழக்குங்கள். சிம்ஸ் பூங்காவில் குரங்குக்குக் கடலை நீட்டவும் விடாதீர்கள்; குரங்கு கடித்தாலும் இதே ஊசிதான்.