குதிரையையும் நாயையும் யாரிடம் விட்டுப் போவது?

கேள்வி: ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புக்குள் குடியிருக்கிறோம். பதினோரு வயதுக் கத்தியவார் பெண்குதிரை ஒன்று, மட்டக்குதிரை ஒன்று, ஒரு ராஜபாளையம், இரண்டு நாட்டுநாய்கள் இருக்கின்றன. மகளின் பிரசவத்துக்காக நானும் மனைவியும் 12 நாள் சிங்கப்பூர் போக வேண்டும். தோப்பில் மாடு பார்க்கும் ஆள் பத்து வருஷமாக இருக்கிறார், நம்பிக்கையானவர். அவரே போதுமா? வெளியிலிருந்து ஆள் வைப்பதென்றால் எப்படிப் பார்த்து வைப்பது?

பதில்: உங்கள் ஆளின் நாணயத்தில் ஒரு குறையும் இருக்காது. சிக்கல் அவருடைய பழக்கத்தில் இருக்கிறது. மாடு பார்த்தே தேறிய கண்ணுக்குக் குதிரையின் ஆபத்து சட்டென்று பிடிபடாது. மாடு படுத்தால் நிம்மதியாக அசைபோடுகிறது. குதிரை படுத்து, எழுந்து, வயிற்றைத் திரும்பிப் பார்த்து, தரையைக் காலால் கிளறி, மறுபடி படுத்தால் அது வயிற்றுவலி. மாடு ஒரு வேளை தின்னவில்லை என்றால் "சாயங்காலம் பாத்துக்கலாம்" என்று விடுவார்கள். குதிரை தீவனத்தை மீதி வைத்தால் அப்போதே உங்களுக்கு ஃபோன் வர வேண்டும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது குடல் வழியாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். நடுவில் அடைத்தாலோ காற்று தேங்கினாலோ சில மணி நேரத்தில் உயிருக்கே வந்துவிடும்.

அடுத்தது மாட்டு வைத்தியம். வயிறு உப்பினால் மூங்கில் கொட்டத்தில் எண்ணெய் புகட்டுவது தோட்டங்களில் கைப்பழக்கம். குதிரையின் வாயில் அப்படி ஊற்றினால் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கிவிடலாம். வயிற்றுவலியோடு வந்தது நிமோனியாவில் முடியும். மருத்துவர் எண்ணெய் கொடுக்க நினைத்தால் மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய் விட்டுத்தான் கொடுப்பார். உண்ணி மருந்தும் அப்படித்தான். நாய்க்கும் மாட்டுக்கும் தெளிக்கும் அமிட்ராஸ் குதிரையின் குடல் அசைவை முடக்கிவிடும். காது மடலில் உண்ணியைப் பார்த்துவிட்டு நல்லது செய்வதாக நினைத்து யாரும் அடித்துவிடக் கூடும். அந்தப் புட்டியை ஊருக்குப் போகுமுன் பூட்டி வையுங்கள். புல் தீர்ந்துவிட்டால் வைக்கோலைப் போடுவதும் வேண்டாம். மாடு சமாளிக்கும், குதிரைக்குக் குடலில் கட்டிக்கொள்ளும்.

ஆகவே இரண்டு பேர் வேண்டும். தோப்பு ஆள் புல் அறுப்பது, தண்ணீர், மாடு என்று தன் வேலையைப் பார்க்கட்டும். வெளியாள் ஒருவர் வீட்டிலேயே தங்கிக் குதிரையையும் நாயையும் பார்க்கட்டும். "காலையும் மாலையும் வந்துட்டுப் போறேன்" என்பவரை எடுக்காதீர்கள். ராத்திரி 9 மணிக்குத் தொடங்கும் வயிற்றுவலியை விடியற்காலை 5 மணிக்குப் பார்த்துப் பயனில்லை. ஆனைமலை அடிவாரத்தில் சிறுத்தைப் பயமும் உண்டு. இருட்டியபின் நாய்கள் கட்டடத்துக்குள் இருக்க வேண்டும். அதற்கும் ராத்திரி ஆள் வேண்டும்.

எங்கே தேடுவது?

விளம்பரம் கொடுப்பதைவிட உங்கள் குதிரைக்கு லாடம் அடிப்பவரிடம் கேளுங்கள். சுற்று வட்டாரத்து லாயங்களுக்கெல்லாம் போய் வருபவர் அவர். எந்த லாயத்தில் குளம்பு சுத்தமாக இருக்கிறது, எதில் அழுகல் நாற்றம் அடிக்கிறது என்பதை அவர் மூக்கே சொல்லும். அடுத்து, கோவைப் பக்கத்துக் குதிரையேற்றப் பள்ளிகளில் வேலை பார்க்கும் சைஸ்கள், அதாவது குதிரை பராமரிப்பவர்கள். விடுப்பில் வரக்கூடியவர்கள், ஓய்வு பெற்றவர்கள். அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தைக்குக் குதிரை கொண்டுவரும் வியாபாரிகளிடமும் நல்ல குதிரைக்காரர்கள் இருப்பார்கள். உடுமலைப்பேட்டை, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் இறுதியாண்டு, பயிற்சி மாணவர்களும் ஒரு வழி. படிப்பு அவர்களுக்குக் கை கொடுக்கும், ஆனால் குதிரையோடு எத்தனை நாள் பழகியிருக்கிறார் என்று தனியாகக் கேளுங்கள். குதிரை ஓட்டத் தெரியும் என்பது ஒரு தகுதியே அல்ல. ஓட்ட ஆசைப்பட்டு வருபவரைவிட லத்தியை (குதிரைச் சாணத்தை) குனிந்து பார்ப்பவர் மேல்.

முன்பு வேலை கொடுத்தவர்களிடம் "நல்லவரா?" என்று கேட்டால் "நல்லவர்தான்" என்றுதான் பதில் வரும். "அவர் இருந்தபோது என்ன தவறு நடந்தது, அதை எத்தனை மணி நேரத்தில் உங்களிடம் சொன்னார்?" என்று கேளுங்கள். தன் கையால் நடந்த தவறைத் தானே முதலில் ஃபோன் செய்து சொன்னவர் என்றால் அவரைத்தான் நீங்கள் தேடிக்கொண்டிருக்கிறீர்கள். ஒன்றுமே நடக்கவில்லை என்று வந்தால் இன்னொருவரிடமும் விசாரியுங்கள். வீட்டுச் சாவி கொடுக்கப் போவதால் தமிழ்நாடு காவல்துறையின் இணையவழி நன்னடத்தைச் சரிபார்ப்புக்கும் விண்ணப்பித்துவிடலாம். அதற்குச் சில வாரம் முன்பே தொடங்க வேண்டும்.

லாயத்தில் நிறுத்திப் பாருங்கள்

பேச்சில் ஆளைத் தெரியாது. பெண்குதிரையின் கொட்டடிக்கு முன்னால் பத்து நிமிஷம் நிற்கச் சொல்லிவிட்டு "என்ன பார்த்தீங்க?" என்று கேளுங்கள். "அழகா இருக்கு" என்பவரை டீ கொடுத்து அனுப்பிவிடலாம். தொட்டியில் மிச்சம் இருக்கிறதா, தண்ணீர் எவ்வளவு, லத்தி எத்தனை குவியல், உருண்டையாக இருக்கிறதா தளர்ந்திருக்கிறதா, எந்தக் காலில் பாரம் தாங்குகிறது என்று இரண்டு மூன்றாவது அவர் வாயிலிருந்து வர வேண்டும்.

பிறகு தலைக்கயிறு மாட்டி வெளியே கொண்டுவரச் சொல்லுங்கள். தோள் பக்கமாக, குரல் கொடுத்துக்கொண்டு போகிறாரா? கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்கிறாரா? சுற்றினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்; குதிரை மிரண்டு ஓடினால் விரல் போகும், ஆளையும் இழுத்துக்கொண்டு போகும். ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாகக் கட்டத் தெரிய வேண்டும். நான்கு குளம்பையும் தூக்கிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். கடைசியாக, "காலைத் தீவனம் தின்னலைன்னா என்ன செய்வீங்க?" சரியான பதில்: மிச்சத் தீவனத்தை எடுத்துவிடுவேன், லத்தி போட்டிருக்கிறதா பார்ப்பேன், உங்களுக்கும் டாக்டருக்கும் ஃபோன் போடுவேன். பெருங்காயம், சோடா, ஊசி என்று தொடங்கினால் அவருக்கு அனுபவம் இருக்கலாம், உங்கள் குதிரைக்கு அவர் வேண்டாம். கழுத்தில் ரத்தக்குழாய் தவறிப் போடும் ஒரு ஊசியில் குதிரை நின்ற இடத்திலேயே விழும்.

நாய்க்கும் தேர்வு உண்டு. அதில் பலர் ஏமாறுகிறார்கள். நீங்கள் பக்கத்தில் நிற்கும்போது ராஜபாளையம் விருந்தாளியை உள்ளே விட்டுவிடும். நீங்கள் இல்லாதபோது அதே ஆளை வாசலைத் தாண்ட விடாது. அது ஒரு குடும்பத்தோடு ஒட்டும் இனம். முதல் வருகையில் நீங்கள் கூடவே இருங்கள். இரண்டாவதில் அவர் கையால் சோறு வைக்கட்டும். மூன்றாவதில் நீங்கள் இருவரும் காரை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுங்கள். அவர் தனியாகக் கேட்டைத் திறந்து வர வேண்டும். இது நடக்காமல் டிக்கெட் போடாதீர்கள். கடைசியாக, கிளம்புவதற்குப் பத்து நாள் முன் இரண்டு ராத்திரி முழுதாக அவரிடம் விட்டுவிட்டுப் பொள்ளாச்சியிலோ கோவையிலோ தங்கிவிட்டு வாருங்கள். அவருக்கு இது கூலியோடு கூடிய ஒத்திகை, உங்களுக்குத் திருத்திக்கொள்ள நாள் இருக்கும்.

நீங்கள் செய்து வைக்க வேண்டியது

குதிரைக்கு வரும் ஆபத்தில் பெரும்பகுதி அளவில்தான் வருகிறது. "ரெண்டு சொம்பு" என்று எழுதி வைத்தால் போதாது. ஒரு சொம்பு கோதுமைத் தவிட்டைப்போல ஒரு சொம்பு கொள்ளு ஏறக்குறைய மூன்று மடங்கு கனக்கும். தராசில் நிறுத்து ஒவ்வொரு வேளையையும் தனிப் பையில் கட்டிப் பெயரும் வேளையும் எழுதுங்கள். இரண்டு குதிரை, தினம் இரண்டு வேளை, 12 நாளுக்கு 48 பை. விமானம் தள்ளிப்போனால் என்று இரண்டு நாளுக்கு 8, ஆக 56. கொள்ளு தனிப் பொட்டலமாக அதற்குள் இருக்கட்டும். முதல்நாள் மாலை ஊறப்போட்டது காலையில் தீர வேண்டும். நுரைத்துப் புளித்ததைக் கொட்டிவிட வேண்டும். தீவன அறைக்குக் கொக்கி மட்டும் போதாது, பூட்டும் வேண்டும். அவிழ்ந்த குதிரை ராத்திரியில் தானிய மூட்டையைக் கண்டுபிடித்தால் வயிற்றுவலியும், அதற்குப்பின் குளம்புக்குள் வீக்கமும் வரும். முன்கால்களை நீட்டி, குதிகாலில் பாரம் போட்டு நகர மறுத்து நிற்கும். கோழித்தீவனத்தையும் மாட்டுக் கலப்புத் தீவனத்தையும் வேறு அறைக்கு மாற்றுங்கள். அவற்றில் சிலவற்றில் சேர்க்கும் மோனென்சின் மிகச் சிறு அளவிலேயே குதிரையின் இதயத்தைக் கெடுக்கும்.

புல்தான் பிரதானம். 320 கிலோ எடையுள்ள குதிரைக்குக் காய்ந்த கணக்கில் தினம் 6 கிலோவுக்குக் குறையாமல் வேண்டும். உதாரணமாக 3 கிலோ காய்ந்த புல்லும், 15 கிலோ பச்சைப் புல்லும். மட்டத்துக்கு அதன் எடைப்படி குறையும். கோ-4 புல்லை நறுக்கிக் குவித்து வைத்தால் உள்ளே சூடேறிப் புளிக்கும். அந்தந்த வேளைக்கு நறுக்கியதை மட்டும் போட வேண்டும் என்பதைத் தோப்பு ஆளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், புதியவர் சொன்னால் மனஸ்தாபம் வரும். கிளம்பும் முன் பத்து நாளுக்குத் தீவனத்தில் எந்த மாற்றமும் வேண்டாம். வேலியோரத்து அரளியை வெட்டுவதாக இருந்தால் நீங்கள் வந்தபின் வெட்டட்டும். ஒரு பிடி காய்ந்த இலை புல்லோடு கலந்தால் போதும்.

தண்ணீர் ஒரு குதிரைக்கு 30 முதல் 40 லிட்டர், வெயிலில் அதற்கு மேலும் ஆகும். மும்முனை மின்சாரம் எப்போது வருமோ என்ற தோட்டத்தில் மோட்டாரை மட்டும் நம்ப முடியாது. 200 லிட்டர் பீப்பாய் ஒன்றை மூடியோடு நிரப்பி வைத்தால் இரண்டு நாள் ஓடும்.

லாடம், குளம்பு வெட்டு கிளம்ப ஒரு வாரம் முன்பே முடியட்டும். குதிரைகளுக்கு டெட்டனஸ், நாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசித் தேதிகளைச் சரிபாருங்கள். குடற்புழு மருந்தைக் கடைசி வாரத்தில் கொடுக்காதீர்கள். குதிரைக்கான ஐவர்மெக்டின் பேஸ்ட்டின் மிச்சத்தை நக்கினாலோ, மருந்து வெளியேறும் நாட்களில் லத்தியைத் தின்றாலோ நாய்க்கு விஷமாகலாம். தங்குபவருக்கும் ஒரு வரி எழுதி வையுங்கள்: நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டு 15 நிமிஷம் ஓடும் நீரில் கழுவ வேண்டும், அன்றே அரசு மருத்துவமனை.

மருத்துவரை முன்கூட்டியே பேசி வைப்பது முக்கியம். ஊர்க் கால்நடை மருந்தகத்தில் இருப்பவர் பெரும்பாலும் மாடு, ஆடு பார்ப்பவர். குதிரை பார்க்கும் ஒருவர் அந்த 12 நாளும் ஊரில் இருப்பாரா, இல்லையென்றால் அடுத்து யார் என்று கேட்டு இரண்டு எண்களையும் லாயச் சுவரில் எழுதுங்கள். கால்நடை அவசர ஊர்தி 1962-ஐயும் சேர்த்து. உடுமலைக் கல்லூரிக்குக் கொண்டுபோக எந்த வண்டி, யார் ஓட்டுவார், பெண்குதிரை வண்டியில் ஏறுமா என்பதும் இப்போதே தெரிய வேண்டும். எவ்வளவு ரூபாய் வரை கேட்காமல் செலவு செய்யலாம், உங்களை எட்ட முடியாவிட்டால் முடிவு யாருடையது என்று கையெழுத்திட்ட கடிதம் ஒன்றைத் தங்குபவரிடமும் மருத்துவரிடமும் கொடுங்கள். பிழைக்காது என்று மருத்துவர் சொன்னால் வேதனையை முடிக்க அனுமதி உண்டா என்பதும் அதில் இருக்க வேண்டும். எழுதக் கை வராதுதான். அதை எழுதாமல் போனால் ஒரு அந்நியர் நள்ளிரவில் அந்தப் பாரத்தைச் சுமக்க நேரும்.

அவர் தினம் அனுப்ப வேண்டியது

காலை 6, இரவு 9 என இரு வேளை வாட்ஸ்அப்பில் நான்கு விஷயம்: தொட்டி காலியா, லத்தி எத்தனை முறை (நாளுக்கு 8 முதல் 12 இயல்பு), தண்ணீர் இறங்கியிருக்கிறதா, மூன்று நாயும் தின்றதா. கூடவே ஒவ்வொரு குதிரையும் நடக்கும் 15 வினாடி வீடியோ. சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால் இருப்பதால் அவருடைய இரவு 9 உங்களுக்கு 11.30, விழித்திருந்து பாருங்கள்.

சந்தேகம் வந்தால் அவர் பார்க்க வேண்டிய எண்கள்: தாடை எலும்பின் உள்பக்கம் விரல் வைத்தால் நாடி கிடைக்கும். 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்கினால் 28 முதல் 44 வரை இயல்பு, அசையாமல் நிற்கும்போதே 60-ஐத் தாண்டினால் அவசரம். உடல் வெப்பம் 99 முதல் 101 டிகிரி. இவற்றை ஒத்திகை நாட்களில் அவர் கையாலேயே எடுக்க வைத்துவிடுங்கள். மருத்துவர் வரும்வரை தீவனத்தை எடுத்துவிட வேண்டும், புரண்டு அடிபடப் பார்த்தால் மெதுவாக நடத்தலாம். களைத்து விழும்வரை நடத்தக் கூடாது. வீட்டு மாத்திரை எதுவும் குதிரைக்கும் கிடையாது, நாய்க்கும் கிடையாது.

செய்யக் கூடாதவையும் எழுத்தில் இருக்கட்டும். ஏறக் கூடாது, மற்றவரை ஏற்றக் கூடாது, ரீல்ஸ் எடுக்க நண்பர்களை அழைக்கக் கூடாது. நாய்களை அவிழ்த்துவிட்டுக் கேட்டைத் திறக்கக் கூடாது.

கூலியில் பேரம் பேசாதீர்கள். ராத்திரியும் சேர்த்து 24 மணி நேர வேலை. உள்ளூர்த் தோட்டக் கூலியைப்போல இரண்டு மடங்காவது நியாயம், சாப்பாடு தனி. பாதியை முதல் நாளே கொடுங்கள், மீதியைத் திரும்பி வந்ததும். அப்போது தீவன அறையில் 8 பை மிச்சம் இருக்க வேண்டும். பன்னிரண்டு இருந்தால் எந்த நான்கு வேளை, ஏன் என்று கேளுங்கள். அந்த வேளைகள் வாட்ஸ்அப்பில் முன்பே வந்திருந்தால் அடுத்த பயணத்துக்கும் அவரையே பேசிவிடலாம்.